நூல் காட்டுற தூரம் ஒண்ணு, ஃப்ளைட் போற தூரம் ஒண்ணு

கேள்வி: மகளோட பிரசவத்துக்காக ஜூன்ல சிங்கப்பூர்லேர்ந்து நியூயார்க்குக்கு நேரா போற ஃப்ளைட்ல டிக்கெட் போட்டிருக்கேன். ராத்திரி 11.30க்கு கிளம்பி மறுநாள் காலைல 6 மணிக்கு இறங்குதாம். அப்போ ஆறரை மணி நேரம்தானா? மருமகன் பதினெட்டரைங்கிறார். தூரம் 15,300 கி.மீ., வேகம் 900னு வச்சா எனக்கு 17தான் வருது. எதை நம்புறது?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதல்ல மகளுக்கு நல்லபடியா பிரசவமாகட்டும்மா. மருமகன் சொல்றதுதான் சரி. டிக்கெட்ல கிளம்புற நேரம் சிங்கப்பூர் கடிகாரம், இறங்குற நேரம் நியூயார்க் கடிகாரம், ஜூன்ல அவங்க நமக்கு 12 மணி நேரம் பின்னாடி இருக்காங்க, அந்த 12ஐ உங்க ஆறரையோட கூட்டுங்க, பதினெட்டரை வந்துடும். குளிர்காலமா இருந்தா 13ஐ கூட்டணும்.

உங்க 17ம் தப்பான கணக்கு இல்ல. வீட்ல உலக உருண்டை இருந்தா ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் கிட்டத்தட்ட வடதுருவத்து மேலயே போகும், ஏன்னா நியூயார்க் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கு. நெட்ல வர்ற 15,300 அந்த நூலோட நீளம். ஆனா ஃப்ளைட் பெரும்பாலும் அப்படிப் போறதில்ல, கிழக்கால திரும்பி ஜப்பான் பக்கமா பசிபிக்கைத் தாண்டிப் போகும். அந்த உயரத்துல மேற்கிலேர்ந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு பலமான காத்து ஓடுது, மணிக்கு 150, 200 கி.மீ.க்கு மேலகூட அடிக்கும், அது பின்னாலேர்ந்து தள்ளினா சுத்திப் போனாலும் லாபம்தான். காத்து தினம் மாறுறதால ரூட்டும் தினம் மாறும், சீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஸ்க்ரீன்ல மேப்பைப் போட்டு வச்சீங்கன்னா நீங்களே பாக்கலாம். இது போக, டிக்கெட்ல இருக்கிற நேரம் கேட்ல இருந்து கேட் வரைக்கும், ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, இறங்கி ஊர்ந்து வர்றது எல்லாம் அதுல சேர்த்தி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பர்லேர்ந்து கென்னடி ஏர்போர்ட்டுக்கு இந்த சர்வீஸை ஓட்டுது. அவ்ளோ தூரம் ஒரே மூச்சுல போகணும்னா எரிபொருள் நிறைய ஏத்தணும், அதனால அந்த ஏ350 விமானத்துல 161 சீட்தான், எகானமியே கிடையாது. இருந்தாலும் பதினெட்டரை மணி நேரம் ஒரே சீட்டும்மா, ரெண்டு மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடங்க. பிரஷர், சுகர் மாத்திரை இருந்தா கைப்பையிலயே வைங்க, எந்த ஊர் நேரத்துக்குப் போடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

திரும்பி வர்றப்போ தேதில கவனம். அங்க ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு ஏறினா இங்க இறங்குறப்போ செவ்வாய் விடிகாலை ஆயிடும், சாங்கிக்கு கூப்பிட வர்றவங்ககிட்ட செவ்வாய்னே சொல்லி வைங்க.