27 வயதில் மூட்டுவாதம் வருமா?

வரும். “வயதானவர்களுக்குத்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதுமையில் அதிகம் காண்பது தேய்மானம். இளவயதிலோ பல நேரம் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்ஏ) அப்படித்தான், பெண்களுக்கு அதிகம், புகைபிடித்தால் ஆபத்து கூடும். காலையில் விரல் மடங்காமல் சட்டைப் பொத்தான் போடத் திணறுவீர்கள், விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கும்.

இளைஞர்களிடம் தவறவிடப்படுவது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு வாதம். கீழ்முதுகு வலி பின்னிரவில் எழுப்பிவிடும். படுத்திருந்தால் கூடும், நடந்தால் குறையும். வண்டி ஓட்டுவதால் வந்த வலி என்றே பலர் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள், அதுதான் வேதனை. எச்எல்ஏ-பி27 மரபணுவுக்கு இதில் பெரும் பங்குண்டு.

சொரியாசிஸ், சிக்குன்குனியா, அதிக யூரிக் அமிலம், பழைய முழங்கால் காயம் ஆகியவையும் காரணமாகலாம். ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் முடக்குவாதம் இல்லையென்று ஆகிவிடாது. வீக்கம் ஆறு வாரம் தாண்டினால் வலி மாத்திரையிலேயே ஓட்டாமல் ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டுவாத நிபுணரை) பாருங்கள். அரித்துப்போன மூட்டு பழையபடி ஆகாது.