ஓராண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார்?

அன்புள்ள ஐயா,

அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்த என் தங்கை, சுகாதாரக் கொள்கை ஆய்வுக்குப் போவதாகச் சொல்கிறாள். கத்தி பிடிக்கப் படித்தவள் கோப்பு புரட்டுவதா என்று வீட்டில் கொதிக்கிறார்கள். அந்த ஆய்வைப் புள்ளியியல் படித்தவர்கள் செய்ய மாட்டார்களா?

ர.

அன்புள்ள ர.,

செய்வார்கள், நன்றாகவே. ஆனால் எதைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது பல நேரம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவருக்குத்தான் தோன்றுகிறது.

எர்னஸ்ட் காட்மேன் பாஸ்டனில், மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர். டிஸ்சார்ஜ் ஆன நோயாளி ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஆளுக்கு ஓர் அட்டை: என்ன நோய், என்ன செய்தோம், குணமாகவில்லை என்றால் ஏன். டாக்டர்களின் பதவி உயர்வும் இதை வைத்துத்தான் என்றார். பணிமூப்பால் மேலே வந்தவர்கள் விடுவார்களா? 1914இல் ராஜினாமா செய்தார். மறு ஆண்டு ஒரு மருத்துவர் கூட்டத்தில், தலையை மணலில் புதைத்தபடி டாக்டர்களுக்குப் பொன்முட்டை தள்ளிவிடும் தீக்கோழியாகப் பணக்கார நோயாளிகளை வரைந்த கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார். (சாமர்த்தியம் போதாது, ஒப்புக்கொள்கிறேன்.) தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரின் கணக்கை அச்சிட்டார், அதில் 123 பிழைகளை அவரே குறித்திருந்தார்.

அவர் முன்னின்று வலியுறுத்திய தரச் சோதனையை அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது நிபுணர்களின் சங்கம்) நடத்தியது. 692 பெரிய மருத்துவமனைகளில் 89 மட்டுமே தேறின. 1919இல் அந்தப் பட்டியல் பத்திரிகைகளின் கையில் சிக்கக் கூடாதென்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் உலையில் போட்டு எரித்தார்கள். சோதனை மட்டும் நிற்கவில்லை. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் இன்றைய அங்கீகார முறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

கத்தியை அடியோடு கைவிடவும் வேண்டியதில்லை. பாஸ்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டே ஆய்வும் நடத்தியவர் அதுல் கவாண்டே. உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் குழு உருவாக்கிய சரிபார்ப்புப் பட்டியல் (அறுவை சிகிச்சையின்போது எதுவும் விட்டுப்போகாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் செய்யும் தாள்), எட்டு நகரங்களில் இறப்பை 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைத்ததாக 2009இல் ஆய்வு வந்தது. 2014இல் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. பட்டியலை நிஜமாகவே செய்தார்களா, கட்டத்தில் டிக் மட்டும் போட்டார்களா என்ற விவாதம் எழுந்தது. அவசரமான காலை வேளையில் அந்த டிக் எப்படி விழும் என்று உங்கள் தங்கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேரும் இடத்தில் வாரம் ஒரு நாளாவது அறுவை சிகிச்சை செய்ய விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.