எழுதியது எங்கே போச்சு?

கேள்வி: அம்மாவின் சமையல் குறிப்புகளை டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டு மென்பொருளில் எழுதி வருகிறேன். நேற்று சேமித்துவிட்டுத்தான் மூடினேன், இன்று திறந்தால் பழையபடியே இருக்கிறது. எழுதியது போயே போச்சா? அப்புறம், இதைத் தங்கைக்கு எப்படிக் கொடுப்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எங்கேயும் போகவில்லை, டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரே பெயரில் (1), (2), (3) என்று வால் முளைத்த ஃபைல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நேற்றைய தேதி போட்டதில் கடைசி ஃபைல் எதுவோ அதில்தான் உங்கள் வத்தக்குழம்பு இருக்கிறது.

2004-இல் ஜெரமி ரஸ்டன் டிட்லிவிக்கியை வெளியிட்டதிலிருந்து சங்கதி ஒன்றுதான்: குறிப்புகள், தேடும் வசதி, அதை இயக்கும் நிரல் எல்லாமே ஒரே ஹெச்டிஎம்எல் (வலைப்பக்க) ஃபைலுக்குள் இருக்கும். உங்கள் கணினியில் இருக்கும் ஃபைலை ஒரு வலைப்பக்கம் தானாக மாற்றி எழுத, பாதுகாப்பு கருதி பிரவுசர் விடாது. அதனால் நீங்கள் சேமிக்கும்போதெல்லாம் புதுப் பிரதி ஒன்றை டவுன்லோட் செய்து தருகிறது, நீங்களோ மறுநாள் பழைய ஃபைலையே திறக்கிறீர்கள். முன்பு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் அதே ஃபைலில் சேமிப்பதற்கென்றே ஒரு துணைநிரல் இருந்தது, 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்போடு அதுவும் போனது. (பழைய ஆட்கள் இன்னும் புலம்புவார்கள், நானும்தான்.)

பிரவுசர் செட்டிங்ஸில் 'ஒவ்வொரு முறையும் எங்கே சேமிப்பது என்று கேள்' என்பதை ஆன் செய்துவிட்டு, கேட்கும்போது பழைய ஃபைலையே காட்டி அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். இது சலித்தால் டிட்லிடெஸ்க்டாப் என்ற தனிச் செயலியைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள், அது நேராக அதே ஃபைலில் சேமிக்கும். இன்னொன்று, குறிப்பை முடித்து டிக் போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் சிவப்பாக நிற்கும் சேமிப்பு பட்டனையும் அழுத்த வேண்டும்.

தங்கைக்கு அந்த ஃபைலையே மெயிலில் அனுப்பலாம், திறக்க ஒரு பிரவுசர் போதும், இன்டர்நெட்கூட வேண்டாம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது தனிக்குடித்தனம். அவர் அங்கே ரசத்தில் பூண்டைச் சேர்த்தால் உங்கள் ஃபைலுக்குத் தெரியாது. அதனால் முதல் முறை முழு ஃபைல், பிறகு புதிய குறிப்புகளை மட்டும் ஜேசான் (JSON) என்ற தரவு வடிவ ஃபைலாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள், அவர் அதைத் தன் விக்கியின் மேல் இழுத்துப் போட்டால் எதையெல்லாம் சேர்க்கட்டும் என்று பட்டியல் காட்டிக் கேட்கும். இரண்டு பேரிடமும் 'சாம்பார்' என்ற தலைப்பு இருந்தால் வருவது இருப்பதை அழித்துவிடும், அந்த இடத்தில் டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலைப்பிலேயே 'அம்மா சாம்பார்' என்று வைத்துவிடுங்கள்.