மாட்டின் கால் புண்ணுக்குத் தேன் போடலாமா?

கேள்வி: என் கறவைப் பசுவின் பின்னங்காலில் முள்கம்பி கிழித்து ஐந்து நாளாகிறது. உள்ளங்கை அகலப் புண், லேசாகச் சீழ் வடிகிறது. தினமும் தேன் தடவியும் ஈ மொய்ப்பதுதான் மிச்சம். தேன் உண்மையிலேயே புண்ணை ஆற்றுமா?

பதில்: ஆற்றும். ஆனால் சும்மா தடவினால் போதாது, வைத்துக் கட்ட வேண்டும். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. அது புண்ணிலிருந்து நீரை இழுப்பதால் கிருமிகள் பெருக முடிவதில்லை. அதன் புளிப்பும் கிருமிக்கு ஆகாது. புண்ணின் நீர் கலந்ததும் தேனிலுள்ள ஒரு நொதி சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். திறந்து கிடந்தால் சீக்கிரமே தேன் வழிந்துவிடும். பிறகு மிஞ்சுவது ஈயும் எறும்பும்தான்.

முதலில் ஈரத் துணியால் புண்ணை மூடிக்கொண்டு, சுற்றி இரண்டு அங்குலத்துக்கு முடியைக் கத்தரியுங்கள். மூடாமல் கத்தரித்தால் முடி புண்ணில் ஒட்டி, அதுவே சீழ் பிடிக்கக் காரணமாகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். சீழும் பொருக்கும் போய் சிவந்த சதை தெரிய வேண்டும். புழு இருந்தால் இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுங்கள். தேன் புழுவைக் கொல்லாது.

காஸ் துணியை நான்கு மடிப்பாக மடித்து, சுமார் 20 மில்லி தேனில் ஊறவிட்டுப் புண்ணை மூடி வையுங்கள். அதன்மேல் தடித்த பஞ்சு, பிறகு கட்டுத்துணி. சில நிமிடம் எரியும், மாடு உதைக்கும்; காலைக் கட்டிவிட்டே ஆரம்பியுங்கள். கட்டுக்குக் கீழே கால் வீங்கினாலோ சில்லிட்டாலோ இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள். முதல் மூன்று நாள் தினமும் மாற்றுங்கள். வடிதல் குறைந்ததும் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். அதற்கு முன்பே பஞ்சு நனைந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். நீர்த்துப்போன தேனால் பயனில்லை.

எந்தத் தேன் என்றால், காயத்துக்கென்றே காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கித் தயாரித்த மருத்துவத் தேன்தான் நம்பகமானது. பச்சைத் தேனில் கிருமி வித்துகள் இருக்கக்கூடும். காய்ச்சினால் வித்துகள் சாகாது, நல்ல நொதிதான் சாகும். சர்க்கரைப் பாகு கலந்தது வேண்டாம். கழற்றிய கட்டை வெளியே போடாமல் எரித்துவிடுங்கள். அக்கம்பக்கத்துத் தேனீக்கள் அதை மொய்த்துத் தங்கள் கூட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

மூட்டருகே ஆழமாக இருந்தாலோ, எலும்போ தசைநாரோ தெரிந்தாலோ, நாற்றம், காய்ச்சல், நொண்டல் இருந்தாலோ தேனை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கம்பிக் காயம் என்பதால் ரணஜன்னி ஊசி தேவையா என்று கால்நடை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தேனுக்காகப் பாலைக் கொட்ட வேண்டியதில்லை. அவர் ஆன்டிபயாட்டிக் போட்டால் மட்டும், எத்தனை நாள் பாலை ஒதுக்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.