நமக்குப் பயன்படாத கடைகளின் கிஃப்ட் கார்டுகள் சேர்ந்துவிட்டால் என்ன செய்யலாம்?

ஆபீசில் கொடுத்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது என்று நாலைந்து கார்டு சேர்ந்துவிட்டது, அந்தக் கடைகளுக்குப் போகிற பழக்கமே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்த ரகம்தான். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு தீபாவளிக்கு ஆபீசில் ஒரு ரெடிமேட் கடையின் 2,000 ரூபாய் கார்டு கொடுத்தார்கள். மாலில் இருக்கிற கடை. நாங்கள் துணி எடுப்பதெல்லாம் கோவை ஒப்பணக்கார வீதியில். சரி, சும்மா வந்ததுதானே என்று போனேன். 2,000 ரூபாய்க்குள் பிடித்த மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. 2,300க்கு ஒரு குர்தி, அதற்குத் தோதாக ஒரு பேண்ட், வந்ததற்குப் பையனுக்கு ஒரு டீ-ஷர்ட். பில் 4,860. ஓசிக் கார்டைக் கொண்டுபோய் 2,860 ரூபாய் கைக்காசைக் கட்டிவிட்டு வந்தேன். அந்தக் குர்தி இரண்டாம் தோய்ப்பிலேயே வெளுத்தது தனிக் கதை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கார்டு வந்ததும், அடுத்த மூன்று மாதத்தில் வீட்டுக்கு எப்படியும் வாங்கியாக வேண்டிய சாமான் எதுவாவது அந்தக் கடையில் கிடைக்குமா என்று மட்டும் பார்ப்பேன். பெரிய துணிக்கடைகளில் ஒரு மூலையில் துண்டு, பெட்ஷீட், பனியன், ஜட்டி எல்லாம் இருக்கும். நாம் அந்தப் பக்கமே போவதில்லை. போன வருடம் ஒரு 1,500 ரூபாய் கார்டு முழுக்கவும் என் வீட்டுக்காரரின் பனியனாகவும் நான்கு குளியல் துண்டுகளாகவும் மாறியது. "இதுக்கா ஏசி கடைக்கு வந்தோம்?" என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இதில் முக்கியமான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான் இருக்கிறது. துண்டுக்கும் பனியனுக்கும் என்று ஒதுக்கியிருந்த 1,500 ரூபாயை அன்றைக்கே எடுத்துச் சீட்டுக் கட்டுகிற பணத்தோடு வைத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது காய்கறியோடு காய்கறியாகப் போய்விடும்.

வீட்டுக்கு வேண்டியது எதுவுமே அந்தக் கடையில் இல்லையென்றால், அங்கே வாடிக்கையாக வாங்குகிறவரைப் பிடிக்க வேண்டும். எங்கள் எதிர் ஃபிளாட் அக்காவுக்கு இரண்டு பையன்கள். ஜூன் பிறந்தால் ஸ்கூல் ஷூ வாங்கியே தீர வேண்டும். என்னிடம் ஒரு ஷூ கடையின் 2,000 ரூபாய் கார்டு இருந்தது. "அக்கா, 1,900 கொடுங்க போதும்" என்றேன். "இதில காசு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. ஒன்றாகவே கடைக்குப் போனோம். பில் போடுவதற்கு முன் கவுன்டரில் கார்டைக் கொடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னோம். 2,000 இருந்தது. அங்கேயே எனக்கு ஜிபேயில் 1,900 வந்துவிட்டது. அவருக்கு நூறு ரூபாய் லாபம், எனக்குப் பீரோவில் தூங்கிய கார்டு காசானது. தெரிந்தவர்களுக்குள் இப்படிச் செய்வதுதான் எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த வழி. வாங்குகிறவர் ஏற்கெனவே வாங்கப் போகிறவர் என்பதால் அதிகம் குறைக்கவும் வேண்டாம்.

நகைக்கடைக் கார்டு மட்டும் தனி வகை. 5,000 ரூபாய் கார்டை வைத்துக்கொண்டு இன்றைய விலைக்குத் தங்கத்தில் மூக்குத்தியைத்தான் பார்க்க முடியும், அதிலும் செய்கூலி சேதாரம் போக. தங்கக் காசாகவே வாங்கிக்கொள்ளலாம் என்றால், என்னிடம் இருந்த கார்டின் பின்னால் பொடி எழுத்தில் தங்கக் காசுக்குச் செல்லாது என்று போட்டிருந்தது. இப்படி நிறையக் கடைகள் வைத்திருக்கின்றன, படித்துப் பாருங்கள். என் நாத்தனார் தன் மகளுக்குச் செயின் எடுக்கப் போவதாகச் சொன்னாள். "அண்ணி, கார்டைக் கொடுங்க, பில்லில கழிச்சுட்டு ஐயாயிரத்த உங்க கையில தர்றேன்" என்றாள். குறைக்கச் சொல்லவுமில்லை. ஒரு லட்ச ரூபாய் பில் போடுகிறவருக்கு அந்தக் கார்டு முழு ஐயாயிரம். நமக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

கெடு தேதி விஷயத்துக்கு வருகிறேன். பேங்க் கொடுக்கிற கிஃப்ட் கார்டுக்கும் கடை தன் பெயரிலேயே கொடுக்கிற கார்டுக்கும் சட்டம் வேறு வேறு. பேங்க் கார்டு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளுக்குள் வருகிறது. அதிகபட்சம் 10,000 ரூபாய், மறுபடி காசு ஏற்ற முடியாது, ஏடிஎம்மில் எடுக்கவும் முடியாது. ஆனால் குறைந்தது ஒரு வருடம் செல்ல வேண்டும். தேதி முடிந்துபோனாலும் நாம் கேட்டால் புதுப்பித்துத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே பழைய பேங்க் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், கொடுத்த பேங்குக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு கடை தன் பொருளை மட்டும் வாங்குவதற்காகக் கொடுக்கிற கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை, அதனால் இந்தப் பாதுகாப்பும் இல்லை. கார்டின் பின்னால் அவர்கள் எழுதியிருப்பதுதான் சட்டம். எனக்கே ஒரு 1,000 ரூபாய் கார்டு பதினோரு நாள் தாமதத்தில் செத்தது. கவுன்டரில் இருந்த பையன் மூன்று தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் எடுக்கலை மேடம்" என்றான். மேனேஜர், ஹெட் ஆபீசுக்கு மெயில் போடச் சொன்னார். போட்டேன், பதில் வரவில்லை. ஒன்று சொல்கிறேன், கெடு முடிவதற்கு முன்பே எழுதினால் நீட்டித்துத் தருகிற கடைகளும் உண்டு. இன்னொரு கார்டுக்கு நானே அப்படி மூன்று மாதம் வாங்கியிருக்கிறேன்.

இப்போது கார்டு கைக்கு வந்த அன்றே பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து, கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன். பயன்படுத்திய பிறகு மிச்சத் தொகையைக் கார்டின் மேலேயே மார்க்கர் பேனாவில் எழுதிவிடுவேன். 37 ரூபாய் இருக்கிற கார்டா 1,370 ரூபாய் இருக்கிற கார்டா என்று பில் கவுன்டரில் நின்று குழம்ப வேண்டாம்.

முன்பின் தெரியாதவர்களுக்கு ஆன்லைனில் விற்கலாமா என்றால், நான் செய்ய மாட்டேன். கார்டு நம்பரும், சுரண்டினால் தெரிகிற பின் (PIN) என்கிற ரகசிய எண்ணும் போதும், கார்டு கையில் இல்லாமலேயே காசைக் காலி செய்துவிடலாம். "செக் பண்ணிட்டு பணம் போடுறேன், பின் அனுப்புங்க" என்பார்கள். செக் பண்ணி முடிக்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடும்போதும் கார்டின் முன்பக்கத்தை மட்டும், நம்பரை மறைத்துப் போடுங்கள். கிஃப்ட் கார்டு மோசடியில் இன்னொன்று, மேலதிகாரியின் போட்டோவை டிபியாக வைத்துக்கொண்டு "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாகக் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு" என்று வருகிற மெசேஜ். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கே வந்தது; நல்லவேளையாகப் பக்கத்து சீட்டில் கேட்டாள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்யுங்கள்.

விசேஷத்துக்கு அப்படியே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நானும் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் முயன்றேன். மொய் எழுதுகிற பெரியவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நான் எவ்வளவுன்னு எழுத, தாயி?" என்றார். இரண்டாயிரம் என்றேன். "பணமா இருந்தா எண்ணி வைப்பேன். இதை எப்படி எண்ணுறது?" வரிசையில் பின்னால் ஆறேழு பேர். கடைசியில் 500 ரூபாய் ரொக்கம் எழுதிவிட்டு, கார்டை மேடையில் பெண் கையில் கொடுத்தேன். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எழுதின மொய், மிகச் சரியாக 500 ரூபாய். நண்பர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்றால் கார்டு கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். மொய் நோட்டு உள்ள இடத்துக்கு ரொக்கம்தான்.

இன்றைய தேதிக்கு என் பர்ஸில் ஒரே ஒரு கார்டு பாக்கி. அதே ஷூ கடையின் இன்னொரு கார்டு, மேலே மார்க்கரில் 340 என்று எழுதியிருக்கிறது, கெடு அடுத்த மாதம் 12. மாமனாரின் ரப்பர் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை போய் எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி வாங்கிவிடுவேன்.