73,51,34,400-க்கு எத்தனை காரணிகள்? 36 இல்லை

வணக்கம் மன்னார்குடி நண்பரே, உங்கள் மகள் 36 என்கிறாள், புத்தகத்தில் 1344 என்றிருக்கிறது, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம்தான் சரி.

எண்ணை உடைக்கும்போது கால்குலேட்டரைத் தொடவே வேண்டாம். கடைசி இரண்டு பூஜ்யங்களை எடுங்கள், அது 2² × 5². மீதி 73,51,344-ஐ நாலு தடவை பாதியாக்கினால் 459459 வரும். இங்கேதான் எனக்குக் குஷி: ஒரே மூன்று இலக்கம் இரண்டு தடவை வந்தால் அது 1001-ன் மடங்கு, அதாவது 459 × 1001. 1001 என்பது 7 × 11 × 13, 459 என்பது 27 × 17. ஆக மொத்தம் 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17.

பாப்பா அடுக்குகளை அப்படியே பெருக்கிவிட்டாள், 6 × 3 × 2. ஆனால் ஒரு காரணியில் 2 ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாமே, அதனால் 2-க்கு ஆறு அல்ல, ஏழு வாய்ப்பு. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கச் சொல்லுங்கள்: 7 × 4 × 3 × 2 × 2 × 2 × 2 = 1344.

சும்மா கொடுத்த எண் இல்லை இது. 100 கோடிக்குள் இதைவிட அதிகக் காரணி உள்ள எண்ணே கிடையாது. நம்ம கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் 1915-ல் இந்த மாதிரி எண்களைப் பற்றித்தான் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் கலத்துக்கு 12 மரக்கால் என்று களத்தில் நெல் அளந்தார்களே, அந்த 12-ம் இதே ஜாதிதான், பாதி, மூன்றிலொன்று, கால் என எப்படிப் பங்கு போட்டாலும் மிச்சம் வராது.