கோத்தகிரி முகாமில் 6/9 எப்படி 6/12 ஆனது?

கண் பரிசோதனை முகாமில், எஸ்டேட் ஹாலில் பார்வை 6/9 என்று நீங்கள் எழுதிய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் 6/12 வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அதில் ஆச்சரியமில்லை. 6/9 என்றால், சாதாரணக் கண் 9 மீட்டரில் படிக்கும் எழுத்தை அவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள். ஹாலின் நீளம் 4 மீட்டர்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 6 மீட்டர் தூரத்துக்கான பார்வைச் சார்ட்டை 4 மீட்டரில் மாட்டினால் மேலே 4 போட வேண்டும். அதாவது 4/9. கணக்குப் போட்டால் 6/13.5, அதாவது 6/12-க்குப் பக்கம். ஆஸ்பத்திரிக் கணக்கு சரிதான்!

அடுத்த முறை 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து, சார்ட்டைப் பரிசோதிக்கப்படுபவரின் தலைக்கு மேலே பின்பக்கம் மாட்டி, கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். 6 மீட்டர் கிடைத்துவிடும். எழுத்துச் சார்ட் என்றால் இடவலம் மாற்றி அச்சிட்டது வேண்டும். E எழுத்தைப் பல திசைகளில் திருப்பிப் போட்ட ‘ஈ’ சார்ட்டில் இடம் வலமாகும், மேல் கீழ் மாறாது. இதில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம், உள்ளங்கையால் கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கொழுந்து பறிக்கும் பாட்டிகள் விரலிடுக்கில் அழகாகப் பார்ப்பார்கள். ஒரு கண்ணை மூடும் தட்டையான மறைப்பானே கொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் நம்பாதீர்கள், மஞ்சு (மூடுபனி) இறங்கினால் சார்ட்டே மங்கிவிடும்.

பார்வை 6/9-ஐவிடக் குறைந்தால் பின்ஹோல் (சிறு துளையுள்ள தட்டு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகும் பவர் பிரச்சினை. தெளியாவிட்டால் புரை, விழித்திரை என்று டாக்டர் பார்க்கட்டும்.